சம்பந்தி மிதித்த தோள்

ஜனவரி 9

என் வலது தோளுக்குள்ளே கிழிந்து போயிருக்கிறதாம். மதுரையில் எலும்பு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நாலு தசைநார் சேந்து தோள் மூட்டை உறை மாதிரி பிடிச்சிருக்கும்மா. அதுல ஒண்ணு எலும்பை விட்டுப் பிஞ்சிருக்கு."

தலையணை உறை கிழிந்தால் நானே தைத்துக்கொள்வேன். இந்த உறைக்கு இவர்தான் வேண்டுமாம்.

எப்படிப் பிய்ந்தது என்று கேட்டார். அருப்புக்கோட்டையில் மாவு மில் வைத்திருக்கிறோம், இருபது வருசமாகக் கோதுமை டின்னையும் மிளகாய் டின்னையும் தலைக்கு மேலே தூக்கி மிஷின் வாயில் கொட்டுவது நான்தான் என்றேன். டாக்டர் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"சார் என்ன பண்ணுவாரு?"

"சுவிட்ச் போடுவாரு."

சங்கிலி என்று பெயர் வைத்த மனிதர், அதற்கும் ஏதோ பரிசு கொடுத்த மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார்.

தோளில் சின்னச் சின்னத் துளை போட்டு, எலும்பில் ஆணி இறக்கி, பிய்ந்த நாரை நூலால் இழுத்துக் கட்டுவார்களாம். ஆறு வாரம் கை தூளியில் கிடக்க வேண்டும். பிறகு பயிற்சி. பழைய பலம் வர ஐந்தாறு மாதம். செய்யாமல் விட்டால் கிழிசல் பெரிதாகி, கை தோளுக்கு மேலே எழும்பாது.

என் மகள் மோகனாவுக்கு ஜூன் கடைசியில் தேதி சொல்லியிருக்கிறார்கள். தலைப்பிரசவம், ஆத்தா வீட்டில்தான் நடக்க வேண்டும். பிள்ளையைக் கையில் வாங்குவதும், காலில் போட்டுக் குளிப்பாட்டுவதும் நான். மாதங்களை எண்ணிப் பார்த்தேன். இன்றைக்கே கிழித்தால் சரியாக வரும் என்றேன். "நாங்க கிழிக்க மாட்டோம்மா, தைப்போம்" என்றார் டாக்டர். கோபம் வருகிறது அவருக்கு. நல்ல டாக்டராகத்தான் இருக்க வேண்டும்.

ஜனவரி 15

மோகனா புகுந்த வீட்டுக்கு, விருதுநகருக்குப் பொங்கல் சீர் கொண்டுபோனோம். கரும்பை வீட்டுக்காரர் தூக்கி வந்தார். வழியில் இரண்டு பேர் கண்ணைக் குத்தப் பார்த்தார்.

சம்பந்தி பூமயில் வாசலிலேயே என் தோளைப் பார்த்துவிட்டார். பூமயில் என்றுதான் பெயர். நடை மட்டும் போலீஸ் நடை.

"ஆபரேசன் எல்லாம் என்னத்துக்கு மதினி? நான் காலோட பொறந்தவ. மூணு மிதி மிதிச்சேன்னா சுளுக்கு ஓடியே போயிரும்."

தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்து பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விடும் என்று எங்கள் பக்கத்தில் நம்புவார்கள். விருதுநகரில் பாதிப் பேர் தன் மிதியால்தான் நடமாடுகிறார்கள் என்பது சம்பந்தியின் கணக்கு. மீதிப் பாதிப் பேர் ஏன் நொண்டுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. சீர் கொண்டுபோன இடத்தில் மரியாதை முக்கியம்.

"இது சுளுக்கு இல்ல மதினி, கிழிசல்" என்றேன்.

"அப்பச் சரி. ஆனா கை இப்படிக் கெடக்கையில நீங்க எப்பிடிப் பிள்ளையப் பாப்பீக? பிரசவத்தை இங்கனயே வச்சுக்கிருவோம். உங்களுக்கு எதுக்குச் செரமம்?"

எவ்வளவு பாசம்! பாயசத்தில் விரலை விட்டால் வெந்துபோகும், அப்படிப் பாசம். மோகனா அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்தாள். "அதெல்லாம் ஜூனுக்குள்ள கை பறக்கும் மதினி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வீட்டுக்காரர் கேட்டார்: "ஏ வெள்ளை, பறக்குமா?"

"நீங்க கரும்பைக் கீழ வைங்க மொதல்ல. சீர் குடுத்தாச்சு, மிச்சத்தை எதுக்குத் திரும்பத் தூக்கிட்டு வாரீக?"

ஜனவரி 21

நாளைக்கு ஆபரேஷன். பயம் ஒன்றும் இல்லை. பயந்த ஆள் ஒருவர் போதும், அவர் வெளியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறார்.

ஜனவரி 24

முடிந்தது. கழுத்தில் ஊசி போட்டுக் கையை மரக்க வைத்திருந்தார்கள். விழித்ததும் பக்கத்தில் யாருடைய கையோ கிடந்தது. "இது யாரு வச்சுட்டுப் போனது?" என்று நர்ஸிடம் கேட்டேன். "உங்கதும்மா" என்றாள். விரலில் என் மோதிரம் இல்லை, அதனால் நம்பவில்லை. மோதிரத்தை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினேன்.

மரப்பு விட்டதும் வந்தது பாருங்கள் வலி. அதை எழுத வேண்டாம்.

தோளில் துளைகள் சின்னதுதான். மூட்டைப் பூச்சி கடித்தாலே அதைவிடப் பெரிதாக இருக்கும். ஆனால் இடுப்பில் ஒரு தலையணையைக் கட்டி, அதன் மேல் கையை வைத்து வாரால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். மாசமாக இருப்பது மகள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடப்பது நான்.

விரலை மட்டும் ஆட்டலாமாம். அதனால்தான் இந்தத் தலையணை மேலேயே டைரியை வைத்து எழுதுகிறேன்.

பிப்ரவரி 2

அவர் எனக்குச் சடை போட்டுவிட்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருசத்தில் முதல் தடவை. மாட்டுப் பொங்கல் முடிந்துவிட்டது என்று யாராவது அவரிடம் சொன்னால் தேவலை. ரவிக்கை மாட்டுவது அதைவிடக் கூத்து. முதலில் கெட்ட கையை நுழைக்க வேண்டும், பிறகு நல்ல கையை. அவர் முதலில் தன் கையை நுழைத்துப் பார்த்தார், அளவு பார்க்கிறாராம்.

மில்லும் அவர் பொறுப்பில்தான். மிளகாய் அரைத்த மிஷினில் கோதுமையைக் கொட்டிவிட்டார். அதில் சப்பாத்தி சாப்பிட்ட மூன்றாவது தெரு வாத்தியார் இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறாராம். வாத்தியார் சம்சாரம் வந்து நின்றது.

"அக்கா, நீங்க எப்ப வருவீக?"

"ஏன், வாத்தியார் சத்தம் குறைஞ்சிருக்குமே. நல்லதுதானே?"

"அது வாஸ்தவந்தான்" என்று சிரித்துக்கொண்டே போனது.

பிப்ரவரி 11

சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்க வேண்டுமாம். பஸ்ஸில் தூங்குவது மாதிரி இருக்கிறது. ஊர்தான் வரமாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 19

மோகனா போனில் பேசினாள். சத்தத்தைக் குறைத்துக்கொண்டு பேசினாள், அதனால் பக்கத்தில் மாமியார் இருப்பது தெரிந்தது.

"அம்மா, அத்தை தொட்டில் வாங்கிட்டாங்க. பின் ரூமுக்கு வெள்ளையடிச்சிட்டாங்க. பிள்ளைக்கு வெந்நி வைக்கத் தனி அண்டா வேற."

"நல்லதுதானேடி. அண்டாவுல அவுகளும் குளிச்சுக்கலாம்."

"வெளையாடாதம்மா. உன் கை எப்பிடி இருக்கு? எனக்கு அங்க வரணும்மா."

"வருவடி. வராம எங்க போவ?" என்று வைத்துவிட்டேன். கண்ணில் மிளகாய் நெடி. மில் இங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது, இன்றைக்கு விடுமுறைகூட. இருந்தாலும் இந்த நெடி எங்கிருந்துதான் வருகிறதோ.

மார்ச் 6

தூளியைக் கழற்றினார்கள். விடுதலை என்று கையைத் தூக்கினேன். அது எழும்பவில்லை. இருபத்தாறு வருசமாகக் கூட இருக்கிற மனிதராவது சொன்னதில் பாதியைக் கேட்கிறார். பிறந்ததிலிருந்து கூட இருக்கிற கை ஒன்றையும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிற பெண் ஜெசிந்தா. கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டச் சொன்னாள். பிறகு சுவரில் விரலை வைத்து மேலே நடத்திக் கொண்டுபோகச் சொன்னாள். பல்லிக்கு வாழ்க்கைப்பட்டவள் மாதிரி நின்றேன். விரல் நெஞ்சு உயரம் போனதும் மேலே போகவில்லை. அங்கே பென்சிலால் கோடு போட்டாள்.

"இதுதான் இன்னைக்கு. கொஞ்சம் கொஞ்சமா ஏறும்மா. அவசரப்படக் கூடாது. யாரும் பிடிச்சு விடக் கூடாது, அமுக்கக் கூடாது, இழுக்கக் கூடாது. உள்ள தச்சது இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு."

"ஜூனுக்குள்ள பிள்ளையத் தூக்கலாமா?"

"ஒழுங்கா செஞ்சா, நெஞ்சோட அணைச்சுத் தூக்கலாம்."

மார்ச் 14

கோடு அதே இடத்தில்தான் நிற்கிறது. சுவர்தான் உயர்ந்துவிட்டதோ என்னவோ.

சம்பந்தி வீட்டில் வைகாசியில் வளைகாப்புக்கு நாள் பார்த்துவிட்டார்களாம். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அனுப்புவதைப் பற்றிப் பேச்சே இல்லை என்று வீட்டுக்காரர் விசாரித்து வந்து சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த கோட்டைப் பார்த்தார்.

மார்ச் 17

சம்பந்தி திடீரென்று வந்து நின்றார். வீட்டில் நான் மட்டும்தான். வந்த மனிதரை வா என்று சொல்லாமல் இருக்க முடியுமா? பேச்சு வாக்கில் காலோடு பிறந்த பெருமையை ஆரம்பித்தார். அவர் மனம் நோகக் கூடாதே என்றுதான் முதுகைக் காட்டிக்கொண்டு குப்புறப் படுத்தேன். கிழக்கே பார்த்து மூன்று மிதி. மிதித்தவர் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டுமாம். அப்படியே கொல்லை வாசல் வழியாகப் போய்ச் செருப்பில்லாமல் தெருவைச் சுற்றி முன் வாசலுக்கு வந்தார்.

இரண்டாவது மிதியில் உள்ளே ஏதோ 'சொடக்' என்றது.

"விட்டிருச்சு பாத்தீகளா!" என்றார் சம்பந்தி.

மார்ச் 18

வலி இல்லை.

மார்ச் 19

நேற்று வலி இல்லை என்று எழுதியது வேறு யாரோ.

மார்ச் 21

கை நெஞ்சு உயரம்கூட எழும்பவில்லை. வீட்டுக்காரரிடம் சம்பந்தியோடு கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மதுரை போனோம். சம்பந்தி பஸ் முழுக்கப் பேசவில்லை. அவர் பேசாமல் வந்ததை விருதுநகர் ஆட்கள் பார்த்தால் நம்ப மாட்டார்கள்.

டாக்டர் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கமாகத் திருப்பினார்.

"என்ன நடந்துச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன் சார்."

"வழுக்கினா தோளுக்குப் பின்னாடி கட்டை விரல் தடம் விழுமா?"

நான் பதில் தேடுவதற்குள் சம்பந்தி எழுந்து நின்றார். "நாந்தான் டாக்டர் மிதிச்சேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு?"

"சம்பந்தி" என்றேன்.

"ஓ" என்றார். அந்த ஒரு 'ஓ'வில் அவர் எல்லாம் புரிந்துகொண்டதாக நினைத்துக்கொண்டார். "போலீஸுக்கு எழுதணுமா?" என்று மெதுவாக என்னிடம் கேட்டார்.

"ஐயோ சார், கொணமாக்கத்தான் மிதிச்சேன்!" என்று சம்பந்தி கத்திய கத்தலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தையல் அறுந்துபோகவில்லை. ஒரு நூல் மட்டும் தளர்ந்திருக்கிறதாம். சுற்றிலும் வீக்கம். மறுபடியும் தூளி, நாலு வாரம். அதற்குப் பிறகும் ஒட்டாவிட்டால் திரும்ப ஆபரேஷன்.

"ஜூன்ல பேரப்பிள்ளை சார்" என்றேன்.

"அத மிதிக்கும்போது யோசிச்சிருக்கணும்."

வெளியே வராந்தாவில் சம்பந்தி தூணில் சாய்ந்துகொண்டார். "நான் மாட்டேன்னுதானே மதினி சொன்னேன்? ஆபரேசன் பண்ண தோளை நான் மிதிச்சதே இல்லையின்னு சொன்னேன்ல? நீங்கதானே மூணு தடவை போன் போட்டு வரச் சொன்னீக?"

"கத்தாதீக. போலீஸ் வந்துரும்" என்றேன்.

மார்ச் 30

மறுபடியும் தலையணை, மறுபடியும் வயிறு. வழுக்கி விழுந்தேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னதை நம்பிவிட்டார். நம்பி, பாத்ரூம் முழுக்கச் சாக்கு விரித்து வைத்திருக்கிறார். இப்போது சாக்கு தடுக்கி விழுகிறேன்.

மோகனாவுக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்கும் தெரியாது. தெரிந்த இரண்டு பேர் நாங்கள்தான். கூட்டுக் களவாணிகள் மாதிரி தினமும் போனில் பேசிக்கொள்கிறோம்.

"இன்னைக்கு வலி எப்பிடி மதினி?"

"காலோட பொறந்த வலி. போகும்போது திரும்பிப் பாக்காமப் போகும்னு நினைக்கேன்."

"கொல்லாதீக மதினி."

அழுகிறாரா என்று தெரியவில்லை. மிளகாய் நெடி என்று சொல்ல அவருக்கு மில்லும் கிடையாது.

ஏப்ரல் 20

தூளி போனது. டாக்டர் கையைப் பிடித்து மெல்ல மேலே கொண்டுபோய்ப் பார்த்தார். நூல் பிடித்துக்கொண்டதாம். திரும்ப ஆபரேஷன் வேண்டாமாம். ஆனால் நான் ஒரு மாதத்துக்கு மேல் தொலைத்துவிட்டேன் என்றார். ஜூன் கடைசியில் பிள்ளையைத் தூக்கலாமா என்று கேட்டதற்குத் தலையை ஆமாம் என்றும் இல்லை என்றும் இல்லாமல் ஆட்டினார். அது எங்கள் வீட்டுக்காரர் ஆட்டம். அந்த ஆட்டத்துக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

சம்பந்திக்குச் சொன்னேன். நேற்று இடுப்புப் பிடிப்பு என்று ஒருவர் அவரைத் தேடி வந்தாராம். "போயி ஸ்கேன் எடுங்கன்னு பத்தி விட்டுட்டேன்" என்றார்.

மே 8

கோடு கழுத்து உயரத்துக்கு வந்தது. கதவில் கப்பி மாட்டிக் கயிறு இழுக்கிறேன். நல்ல கை இழுக்க, கெட்ட கை மேலே போகிறது. குடும்பம் நடத்துவதும் இப்படித்தானே என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, சிரிக்கவில்லை.

மே 26

வளைகாப்பு.

மோகனா கன்னமெல்லாம் உப்பி, பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். முதல் வளையலை நான் போட வேண்டும். வலது கையாலேயே போட்டேன். கை கொஞ்சம் ஆடியது. சபையில் யாரோ "ஆத்தாளுக்குப் பாசத்துல கை நடுங்குது" என்றார்கள். பாசம் என்றே இருக்கட்டும்.

சாப்பாடு முடிந்து, பெண்ணைக் கூட்டிப் போகிற பேச்சு வந்தது. சபையில் எல்லோரும் சம்பந்தியைப் பார்த்தார்கள். பின் ரூம், தொட்டில், அண்டா எல்லாம் ஊருக்கே தெரியும். நான் சேலையை இழுத்து என் தோளை மூடிக்கொண்டேன். எதற்காக மூடினேன் என்று தெரியவில்லை.

சம்பந்தி எழுந்தார். "பிள்ளை ஆத்தா வீட்டுக்குத்தான் போகுது."

மோகனா என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"கூட நானும் போறேன்" என்றார் சம்பந்தி.

சபை அப்படியே வாயைப் பிளந்தது. அவருடைய நாத்தனார், "என்னடி பூமயிலு, மாமியா போயிச் சம்பந்தி வீட்டுல கெடக்கதா? எங்கயாச்சும் உண்டா?" என்றார்.

"இங்க உண்டு. மதினிக்கு ஒரு கை. எனக்கு ரெண்டு கை. மூணு கை இருந்தாத்தான் பிள்ளையப் பாக்க முடியும்."

ஏற்கெனவே பை கட்டி வைத்திருந்தார். பெண்ணைக் கூட்டி வரப் போனேன், மாமியாரையும் சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டார்கள். காரில் முன் சீட்டில் அண்டா உட்கார்ந்து வந்தது. எங்கள் வீட்டுக்காரர் பின்னால் பஸ்ஸில் வந்தார்.

ஜூன் 5

சம்பந்தி வந்த மறுநாளே என் அடுப்படியில் எல்லா டப்பாவையும் இடம் மாற்றிவிட்டார். உப்பைத் தேடி எடுப்பதற்குள் குழம்பு ஆறிவிடுகிறது. என் ரசத்தைக் குடித்துவிட்டு, "விருதுநகர்ல இத வெந்நின்னு சொல்லுவோம்" என்றார். நான் அவர் வைத்த காரக்குழம்பை மில்லுக்குக் கொடுத்தனுப்பினேன், மிஷினுக்குப் போட எண்ணெய் மிச்சம்.

நேற்று மில்லுக்குப் போன சம்பந்தி, எங்கள் வீட்டுக்காரர் மிளகாய் டின்னோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துப் பொறுக்காமல், தானே தூக்கி மிஷின் வாயில் கொட்டியிருக்கிறார். இவர் நிம்மதியாகச் சுவிட்ச் பக்கம் திரும்பிவிட்டார். அக்கம் பக்கத்தில், "வெள்ளைத்தாயி சம்பந்தியை வேலைக்கு வச்சிருக்காளாம்" என்று பேச்சு. அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

"டின்னை அப்பிடி வீசாதீக மதினி. அப்புறம் உங்க தோளும் கிழியும்" என்றேன்.

"கிழிஞ்சா நீங்க மிதிங்க. கணக்குச் சரியாப் போகும்" என்றார்.

மோகனா, "ரெண்டு பேரும் என்னத்தத்தான் சொல்லிச் சிரிக்கிறீக?" என்று கேட்டாள்.

ஜூன் 17

தலை உயரம் வந்தது கோடு. ஜெசிந்தா தட்டிக்கொடுத்தாள், இடது தோளில்தான். பிள்ளையை உட்கார்ந்துகொண்டு நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கலாமாம். நின்றுகொண்டு கையை நீட்டி வாங்கக் கூடாதாம், கை நீட்டினால் பாரம் முழுக்கத் தோளில் இறங்குமாம்.

ஆஸ்பத்திரியில் நீட்டித்தானே கொடுப்பார்கள் என்றேன்.

"வேற யாராவது வாங்கட்டும்மா" என்றாள்.

வேறு யாராவதாம். மூன்று மாதமாக எதற்குச் சுவரில் பல்லியாக ஒட்டிக் கிடந்தேன்?

ஜூன் 24

ஆண் பிள்ளை. மோகனா நன்றாக இருக்கிறாள். முதல் வார்த்தையே, "அம்மா வாங்கினாளா?" என்று கேட்டாளாம். நர்ஸ் சொன்னாள்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். காலையில் பிரசவ அறைக் கதவு திறந்தது. நர்ஸ் வெள்ளைத் துணியில் சுற்றிய பொட்டலத்தோடு நின்றாள். "மோகனா வீட்டு ஆளுக யாரு? வாங்கிக்குங்க." அந்தப் பெண்ணுக்கு அவசரம், உள்ளே இன்னும் இரண்டு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். நின்ற இடத்திலிருந்தே நீட்டினாள். எங்கள் வீட்டுக்காரர் சட்டென்று இரண்டடி பின்னால் போய் மாப்பிள்ளை காலை மிதித்துவிட்டார்.

சம்பந்திதான் முன்னால் நின்றார். இரண்டு கையும் நன்றாக இருக்கிற மனுஷி. கையை நீட்டினால் வாங்கியிருக்கலாம், தப்பே இல்லை. அவர் நகர்ந்து எனக்கு வழி விட்டார்.

"வாங்குங்க மதினி."

"நீட்டக் கூடாதுன்னு சொல்லிருக்காக."

"நீங்க நீட்டுங்க. நான் இருக்கேன்."

நீட்டினேன். தோளுக்குள் ஒரு சுருக். நர்ஸ் பிள்ளையை என் கையில் வைத்த அதே நேரம், என் முழங்கைக்கு அடியில் இன்னொரு கை வந்து தாங்கியது. பாரம் இறங்கவே இல்லை. வெளியில் பார்த்தவர்களுக்கு ஆத்தாக்காரி பேரனை வாங்கிவிட்டாள், அவ்வளவுதான். பாதிப் பாரம் யார் கையில் இருந்தது என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

அப்படியே ஒட்டிக்கொண்டு பெஞ்சு வரைக்கும் பக்கவாட்டில் நடந்தோம். நண்டு மாதிரி. உட்கார்ந்து நெஞ்சோடு அணைத்த பிறகும் சம்பந்தி கையை எடுக்கவில்லை.

துணியை விலக்கி முகத்தைப் பார்த்தேன். அப்படியே சம்பந்தி. அந்த மூக்கு, அந்த நெற்றி, கண்ணை மூடிக்கொண்டும் ஊரையே அதட்டுகிற அந்த முறைப்பு.

"யாரு சாடை மதினி?" என்று ஆசையாகக் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு சாடை" என்றேன்.

குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"பொய் சொல்றீக மதினி."

"கையை எடுங்க, சொல்றேன்."

"எடுக்க மாட்டேன்" என்றார். எடுக்கவும் இல்லை.